மகனுக்கோ மகளுக்கோ சங்க இலக்கிய ஆண்பெயர்: ஏட்டிலிருந்து பிறப்புச் சான்றிதழ் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளியில் தமிழ் கற்பிப்பவனுக்குச் சம்பளத்தில் சேராத ஒரு வேலை உண்டு: பிறந்த குழந்தைகளுக்குப் பெயர் சொல்வது. பழைய மாணவர்கள், பக்கத்து வீட்டார், தூரத்து உறவினர் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "ஐயா, பாரி மாதிரி, கபிலன் மாதிரி ஒரு பெயர் வேண்டும்" என்பார்கள். சொல்லி அனுப்புவேன். சிலர் ஆறு மாதம் கழித்து, "வேறு பெயர் வைத்துவிட்டோம், வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை" என்று தயங்கித் தயங்கிச் சொல்வார்கள்.

இவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். பெயரை முழுதாகச் சோதிப்பதற்கு முன்பே ஊரைக் கருத்துக் கேட்டுவிடுகிறார்கள். கருத்துக் கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அது எட்டாவது படி. அதற்கு முன் ஏழு வேலைகள் இருக்கின்றன.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உரையுடன் கூடிய புறநானூறு ஒன்று. பத்துப்பாட்டும் இருந்தால் நல்லது. புத்தகம் இல்லாதவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் இணைய நூலகத்தில் மூலமும் உரையும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு நல்ல அகராதி வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் போதும். ஒரு பழைய நோட்டு. 'குழந்தைப் பெயர்கள் 5000' வகைப் புத்தகத்தை மூடி வைத்துவிடுங்கள். அதில் பெயருக்கு எதிரே ஒற்றைச் சொல்லில் பொருள் போட்டிருப்பார்கள். 'வள்ளல்', 'வீரன்', 'அரசன்'. நமக்கு வேண்டியது அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் ஆள்.

1. முதலில் காலக்கெடுவைத் தெரிந்துகொள்ளுங்கள்

பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே தகவல் அனுப்பிவிடுவார்கள். பலர் இந்த 21 நாளைப் பெயருக்கான கெடு என்று நினைத்துப் பதறுகிறார்கள். அது பிறப்பைப் பதிவதற்கான கெடு மட்டுமே. பெயர் இல்லாமலும் பிறப்பைப் பதியலாம்.

பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன் பிறகு தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டுவரை சேர்க்க முடியும். ஆனால் அவ்வளவு நாள் ஏன் இழுக்க வேண்டும்?

இதை முதல் படியாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பிரசவ வார்டில், தாய் அரைத் தூக்கத்தில் இருக்க, தாய்மாமன் படிவத்தில் எதையோ எழுதிக் கொடுத்துவிட்ட கதைகளை நான் கேட்டிருக்கிறேன். பெயர் முடிவாகவில்லையென்றால் அந்த இடத்தை வெறுமையாக விடச் சொல்லுங்கள். பதிந்துவிட்ட பெயரை மாற்றுவதைவிட வெறும் இடத்தில் பெயர் சேர்ப்பது பல மடங்கு சுலபம்.

2. வீட்டுக் கட்டாயங்களை நோட்டில் எழுதுங்கள்

நம் வீடுகளில் பெயர் வெற்றிடத்தில் பிறப்பதில்லை. தாத்தா பெயர் இருக்கிறது. மகனின் மகனைப் பெயரன் என்பதே அதனால்தான். குலதெய்வத்தின் பெயர் இருக்கிறது. நட்சத்திர எழுத்து இருக்கிறது. எண்கணிதம் இருக்கிறது. இவற்றில் எது உங்கள் வீட்டில் அசையாதது, எது பேசினால் அசையும் என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பிடித்த பெயரைக் கண்டுபிடித்து, அதைக் கூப்பிட்டும் பழகிய பிறகு இவை குறுக்கே வந்தால்தான் சண்டை.

நட்சத்திர எழுத்தைப் பற்றி ஒரு நுட்பம். கார்த்திகைக்கு அ, இ, உ, எ. ரோகிணிக்கு ஓ, வ, வி, வு. மகத்துக்கு ம, மி, மு, மெ. இந்த நட்சத்திரக்காரர்களுக்குக் கவலையில்லை. இளங்கோ, ஓரி, வளவன், மாறன் என்று வரிசையில் நிற்கின்றன. அசுவினி நாலாம் பாதத்துக்கு 'ல' வரும். பூரத்துக்கு 'ட, டி, டு' வரும். தமிழ் இலக்கணப்படி இந்த எழுத்துகள் சொல்லுக்கு முதலில் வரவே மாட்டா. சங்க இலக்கியத்தை அட்டை முதல் அட்டை வரை புரட்டினாலும் 'டு'வில் தொடங்கும் மன்னன் கிடைக்கமாட்டான்.

இதற்கு நான் சொல்லும் வழி: தொட்டிலில் போடும் நாளில் காதில் சொல்லும் பெயர் நட்சத்திரத்துக்கும் தாத்தாவுக்கும், சான்றிதழில் ஏறும் பெயர் உங்களுக்கு. இந்த ஏற்பாட்டைப் பெரியவர்களிடம் பெயரைச் சொல்வதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். பெயரைச் சொன்ன பிறகு பேசினால் சமாளிப்பு போலத் தெரியும்.

3. பெயருக்குரியவனின் கதையை முழுவதும் படியுங்கள்

நேரம் பிடிக்கும் படி இது. பலர் தாண்டிப் போகும் படியும் இதுதான்.

பேகன் என்றதும் மயிலுக்குப் போர்வை தந்தவன் என்று எல்லோருக்கும் தெரியும். பள்ளிப் பாடம் அதோடு நின்றுவிடுகிறது. புறநானூற்றில் 143 முதல் 147 வரை ஐந்து பாட்டுகளைப் படியுங்கள். பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியோடு இருக்கிறான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள் மாறி மாறிப் பாடி, 'வீட்டுக்குப் போ' என்று கேட்டுக்கொள்கிறார்கள். இது தெரிந்த பிறகும் பேகன் என்று வைக்கலாம், தவறில்லை. தெரியாமல் வைத்து, மகன் கல்லூரியில் தமிழ்ப் பாடத்தில் தெரிந்துகொண்டு வந்து கேட்கும்போது விழிக்கக் கூடாது.

நன்னன் இன்னும் கடினம். ஆற்றில் மிதந்து வந்த மாங்காயைத் தின்ற குற்றத்துக்காக ஒரு பெண்ணைக் கொன்றவன் ஒரு நன்னன். 'பெண்கொலை புரிந்த நன்னன்' என்று குறுந்தொகை 292-இல் பரணர் அவனை நிரந்தரமாகக் குத்தி வைத்திருக்கிறார். மலைபடுகடாம் புகழ்ந்து பாடுவது வேறொரு நன்னனை. ஒரே பெயரில் பலர் இருப்பது சங்க காலத்தில் சாதாரணம். நெடுஞ்செழியனும் அப்படித்தான். மதுரைக்காஞ்சியின் தலைவன் தலையாலங்கானத்தில் வென்றவன். சிலம்பில் ஆராயாமல் தீர்ப்புச் சொல்லி உயிர்விட்டவன் ஆரியப்படை கடந்தவன். நீங்கள் எவன் பெயரை வைக்கிறீர்கள் என்பதை நோட்டில் எழுதிவிடுங்கள்.

இரட்டைக் குழந்தைகளுக்கு ஓரி, காரி என்று வைக்கப் போவதாக ஒருவர் மகிழ்ச்சியோடு தொலைபேசியில் சொன்னார். இருவரும் கடையெழு வள்ளல்கள், ஓசையும் பொருந்துகிறது. உண்மைதான். ஆனால் காரிதான் ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். அகநானூறு 209-இல் இருக்கிறது. மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் மகன் பெயர் வழுதி. தொட்டில் விழாவில் படித்த உறவினர் ஒருவர், "கடலில் மூழ்கிச் செத்தவன் பெயரையா வைத்தாய்?" என்று சபையிலேயே கேட்டார். கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதியைச் சொல்கிறார். நான் தயாராகவே இருந்தேன். 'உண்டால் அம்ம இவ்வுலகம்' என்ற புறநானூற்று 182-ஆம் பாட்டைப் பாடியவனும் அவன்தான், நான் வைத்தது அந்தப் பாட்டுக்காக என்றேன். மூன்றாவது படியைச் செய்திருந்ததால் அன்று தப்பித்தேன்.

4. இன்றைய காதில் அந்தச் சொல் என்னவாக விழுகிறது என்று பாருங்கள்

இரண்டாயிரம் ஆண்டுகளில் சொற்கள் இடம் மாறிவிட்டன. இலக்கியம் படித்தவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். பழைய பொருள் காதில் ஒலித்துக்கொண்டே இருப்பதால் புதிய பொருள் அவர்களுக்குக் கேட்பதில்லை.

ஆய் பெருவள்ளல், யானைகளை வாரிக் கொடுத்தவன். அந்தப் பெயரை எந்த மழலையர் பள்ளியிலும் கூப்பிட முடியாது. காரணத்தை எழுத வேண்டியதில்லை. முழுப் பெயரான ஆய் அண்டிரனிலிருந்து 'அண்டிரன்' மட்டும் எடுத்தால் தப்பிக்கலாம். நள்ளி என்ற வள்ளலின் பெயரை வைத்தால் ஊர் 'நல்லி' என்றுதான் கூப்பிடும். எலும்பு நினைவுக்கு வரும். அதியமான் நெடுமான் அஞ்சியில் 'அஞ்சி'யைத் தனியே எடுத்தால் பயந்தவன் ஆகிவிடுவான். சோழர் பெயரான கிள்ளி என்றால் மூன்றாம் வகுப்பில் கிள்ளாத கையே இருக்காது. சாத்தன் அந்தக் காலத்தில் எத்தனையோ பேருக்கு இருந்த பெயர். இன்று ஒரு நெடிலைக் கூட்டிச் சாத்தான் ஆக்கிவிடுவார்கள். ஓரிக்கு அகராதியில் ஆண் நரி என்றும் பொருள் இருக்கிறது. ஆனால் இன்று அது யாருக்கும் தெரியாது, அதனால் பாதகமில்லை.

செய்ய வேண்டியது எளிது. பெயரை ஒரு பத்து வயதுப் பையனிடம் சொல்லி, "இதை வைத்து எப்படிக் கேலி செய்வாய்?" என்று கேளுங்கள். அவனைவிடத் தேர்ந்த நிபுணன் கிடைக்கமாட்டான். வழுதிக்கு எனக்குக் கிடைத்த பதில் 'வழுக்கி'. தாங்கக்கூடியது என்று முடிவு செய்தேன். குமரி மாவட்டத்து உறவினர்கள் 'வழுதலங்காய்' என்று கத்திரிக்காயாக்கியதை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை.

5. மூன்று நாள் கூப்பிட்டுப் பாருங்கள்

நோட்டில் மூன்று பெயர்கள் மிஞ்சியிருந்தால், ஒவ்வொன்றையும் ஒரு நாள் முழுக்க வீட்டில் பயன்படுத்துங்கள். கொஞ்சும்போது, அதட்டும்போது, மாடியிலிருந்து தெருவுக்குக் கத்தும்போது. ஏட்டில் கம்பீரமாக இருக்கும் பெயர் இந்தக் கடைசிச் சோதனையில் பலமுறை தோற்றுப்போகும்.

கோப்பெருஞ்சோழன் என்று யாரும் தெருவுக்குக் கத்தமாட்டார்கள். சுருக்குவார்கள். எப்படிச் சுருக்குவார்கள் என்பதை நீங்களே முன்கூட்டி முடிவு செய்யாவிட்டால் ஊர் முடிவு செய்யும். செங்குட்டுவன் 'குட்டு' ஆகும். நெடுஞ்செழியன் 'செழியன்' ஆனால் நல்லது, 'நெடு' ஆனால் வளர்ந்தபின் குள்ளமாக இருக்கும் பிள்ளைக்குச் சங்கடம். நீளப் பெயர்தான் வேண்டுமென்றால், வீட்டில் முதல் நாளிலிருந்தே ஒரு சுருக்கத்தைப் பிடிவாதமாகப் பயன்படுத்துங்கள்.

ழகரம் உள்ள பெயர்களுக்குக் கூடுதலாக ஒரு சோதனை: வீட்டின் மூத்த பாட்டியைச் சொல்லச் சொல்லுங்கள். என் தாயார் இன்றுவரை 'வளுதி' என்றுதான் கூப்பிடுகிறார். எனக்கு அதில் குறையில்லை. உங்களுக்கு ஒவ்வொரு முறையும் திருத்தத் தோன்றும் என்றால் செழியனையும் வழுதியையும் எழினியையும் விட்டுவிட்டுப் பாரி பக்கம் வாருங்கள்.

6. மகளுக்கு என்றால் ஈற்றைப் பாருங்கள்

மகளுக்கு ஆண்பெயர் வைக்க விரும்பி வருபவர்கள் கொஞ்ச காலமாக அதிகமாகியிருக்கிறார்கள். என் கருத்தைக் கேட்டால், வைக்கலாம். ஆனால் எல்லாப் பெயரும் ஒத்துழைக்காது. தமிழில் பால் காட்டுவது பெயரின் கடைசி. 'அன்' என்று முடிந்தால் கேட்பவர் மனம் ஆணை எதிர்பார்த்துவிடும். 'கபிலன் வந்தாள்' என்ற வாக்கியத்தை அந்தப் பெண் வாழ்நாள் முழுக்க விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். பாரி, வழுதி, எழினி போன்றவற்றில் அந்த ஈறு இல்லை. 'பாரி வந்தாள்' என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எழினி நல்ல எடுத்துக்காட்டு. சங்கப் பாடல்களில் அது அதியமான் மரபின் ஆண்களுடைய பெயர். திரைச்சீலை என்றும் பொருள். இன்று பள்ளிகளில் எழினி என்றால் பெண் குழந்தைதான். எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. 'ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே' என்று பாடிய பொன்முடியாரைப் பெண்பாற் புலவர் என்றே கொள்கிறோம். இன்று பொன்முடி என்றால் ஆண் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆண்பெயர், பெண்பெயர் என்ற வேலி இவ்வளவு நகரக்கூடியதுதான்.

பொதுவாக நடக்கும் பிழை, 'அன்'னை வெட்டிவிட்டு 'ஆ' ஒட்டுவது. கபிலா, வளவா என்று. வளவா என்பது மன்னனை விளித்த சொல்லாகத்தான் ஒலிக்கும். இப்படி ஒட்டுப்போடுவதைவிட, இலக்கியத்தில் ஏற்கெனவே இருக்கும் பெண்களைத் தேடுங்கள்: வெள்ளிவீதி, நச்செள்ளை, பொன்முடி. மகளுக்கு இலக்கியப் பெயர் வேண்டும் என்பது வேறு, ஆண்பெயர் வேண்டும் என்பது வேறு. பெற்றோர் இருவரும் எது வேண்டுமென்று தனித்தனியாக ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், பல நேரம் ஒருவர் முதலாவதையும் மற்றவர் இரண்டாவதையும் எழுதியிருப்பார்கள்.

7. ஆங்கில எழுத்தை முடிவு செய்யுங்கள்

பெயர் முடிவானால் போதும், ஆங்கிலத்தில் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அலுவலகக் கணினிக்கு முன் உட்கார்ந்திருப்பவர் உங்களுக்காக முடிவு செய்துவிடுவார். என் மகனுக்கு நடந்தது அது. ழகரத்துக்கு இசட்-எச் என்று நான் வாயால் சொன்னேன். சான்றிதழில் எல் வந்தது. பள்ளியில் நான் இசட்-எச் எழுதினேன். இரண்டையும் ஒன்றாக்க அலைந்த அலைச்சலில் ஒரு கோடை விடுமுறை போனது.

கவனிக்க வேண்டியவை மூன்று. ழகரத்துக்கு இசட்-எச் போடுவதா, எல் போடுவதா? இளங்கோவை ஐ-யில் தொடங்குவதா, ஈ-யில் தொடங்குவதா? நெடிலுக்கு ஒரு ஏ-யா, இரண்டா?

மூன்றாவதில் வடக்கே போகும்போது விளையாட்டு இருக்கிறது. மாறனுக்கு ஒரே ஏ போட்டால், இந்தி பேசுபவர் அதை 'மரண்' என்று படிப்பார், பொருள் மரணம். பாரிக்கு ஒரே ஏ போட்டால் 'பரீ', தேவதை. பறம்பு மலைத் தலைவன் டில்லியில் பெண் குழந்தையாகிவிடுவான். மகளுக்கு வைப்பவர்களுக்கு அதுவே வசதி. மகனுக்கு என்றால் இரண்டு ஏ போடுங்கள்.

எண்கணிதக்காரர் கூடுதலாக ஓர் எச், ஓர் ஏ சேர்க்கச் சொன்னால், சான்றிதழுக்கு முன் சேர்த்துக்கொள்ளுங்கள், அல்லது ஒருபோதும் சேர்க்காதீர்கள். ஐந்தாம் வகுப்பில் சேர்ப்பதுதான் கூடாதது.

8. இப்போது கருத்துக் கேளுங்கள்

ஏழு படி முடிந்தபின் உங்கள் கையில் ஒன்றோ இரண்டோ பெயர்தான் இருக்கும். 'என்ன நினைக்கிறீர்கள்?' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எதிரில் இருப்பவர் தன் மனத்தில் இருக்கும் பெயரைச் சொல்வார். பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். பாட்டியிடம்: "வாயில் நுழைகிறதா?" வெளிமாநிலத்தில் வேலை பார்க்கும் தம்பியிடம்: "அங்கே எப்படிப் படிப்பார்கள்?" ஊர்ப் பெரியவரிடம்: "இந்தப் பெயரில் நம் வகையறாவில் யாராவது அற்ப ஆயுளில் போயிருக்கிறார்களா?" கடைசிக் கேள்வி மூடநம்பிக்கையாகத் தெரியலாம். பெயர் சூட்டிய பிறகு ஓர் அத்தை அதை நினைவுகூர்ந்து அழும்போது அப்படித் தெரியாது.

வரக்கூடிய கருத்துகள் பெரும்பாலும் ஒரே மாதிரி. 'பழைய பெயராக இருக்கிறதே' என்பார்கள். தாத்தா பெயரைவிடப் பழையதுதான், அதனாலேயே புதிதாகக் கேட்கிறது. 'கட்சிக்காரன் பெயர் மாதிரி இருக்கிறது' என்பார்கள். செழியனும் மாறனும் இளங்கோவும் மேடைகளில் அதிகம் ஒலித்த பெயர்கள், அறுபதைத் தாண்டியவர்களுக்கு அது நினைவுக்கு வரும், குழந்தையின் வகுப்பில் யாருக்கும் வராது. 'ரயில் பெயரா?' என்பார்கள். சேரன், சோழன், பாண்டியன், பல்லவன் எல்லாமே எழும்பூரிலும் சென்ட்ரலிலும் புறப்படுகின்றன என்பதால் இந்தக் கிண்டலுக்கு மறுப்பே கிடையாது, சிரித்துவிடுங்கள்.

இரண்டு கருத்துகளை மட்டும் தள்ளாதீர்கள். குழந்தையின் தாய் அரைமனத்தோடு சரி என்றால், அது சரியில்லை என்றே பொருள். மூத்த குழந்தை இருந்தால் அதன் கருத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரை ஒரு நாளைக்கு நூறு முறை கூப்பிடப் போவது அதுதான்.

9. எழுதிக் கொடுத்துப் பதியுங்கள்

தமிழிலும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலும் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். வாயால் சொல்லாதீர்கள். ற, ர, ண, ன, ழ, ள ஆகிய இடங்களை அடிக்கோடிட்டுக் காட்டுங்கள். மாறன் 'மாரன்' ஆனால் மன்மதன் ஆகிவிடுவான்.

மகளுக்கு ஆண்பெயர் என்றால், பாலினம் என்ற கட்டத்தை இரண்டு முறை பாருங்கள். பெயரை வைத்தே அதைத் தட்டச்சு செய்துவிடும் கைகள் உண்டு.

அச்சான சான்றிதழை அங்கேயே நின்று எழுத்து எழுத்தாகப் படியுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், திருமணப் பதிவு எல்லாவற்றுக்கும் பிறந்த தேதியையும் இடத்தையும் நிறுவும் ஆவணம் பிறப்புச் சான்றிதழ்தான். எழுத்துப்பிழைத் திருத்தம் ஒரு வகை விண்ணப்பம். பெயரையே மாற்றுவது அரசிதழ் அறிவிப்பு வரை போகும் வேறு பயணம்.

10. பாஸ்போர்ட்டுக்கு முன் இனிஷியலை விரியுங்கள்

நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அதை விரித்தெழுத வேண்டும். தந்தை அல்லது தாயின் பெயரை விரித்துக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுங்கள். அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கும் சுற்றுலாப் பயணிகளை ஏற்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் விதி கொண்டுவந்தபோது, நம் ஊர்க்காரர்கள் பலர் அவசரமாகப் பாஸ்போர்ட்டைத் திருத்தக் கிளம்பினார்கள்.

நெடுஞ்செழியன் போன்ற பெயரோடு தந்தையின் பெயரும் நீளமாக இருந்தால், இரண்டையும் சேர்த்து ஒருமுறை ஆங்கிலத்தில் எழுதி எண்ணிப் பாருங்கள். விமான டிக்கெட்டில் பெயர் பாதியில் வெட்டுப்படும். எனக்குத் தெரிந்த ஒரு நெடுஞ்செழியன், தன் மகனுக்குப் பெயர் கேட்டு வந்தபோது முதல் நிபந்தனையாகச் சொன்னது: "ஐயா, இரண்டெழுத்துக்கு மேல் வேண்டாம்." பாரி என்று வைத்தார்கள்.